பாரம் தூக்கும் உடம்பின் வலி: எதைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கக் கூடாது

எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கம் ரப்பர் பால் வாளி சுமப்பவர்களுக்கும், பலாங்கொடை, இறக்குவானை மலைகளில் கொழுந்து சுமப்பவர்களுக்கும் உடம்பு வலி புதிதல்ல. "மேலெல்லாம் வலிக்குது" என்றால் வீட்டில் கோடாலித் தைலத்தை எடுத்து நீட்டுவார்கள், இரண்டு பனடோல் போடச் சொல்வார்கள். விடிந்தால் பிரட்டுக்குப் போயாக வேண்டும். வலி இப்படிப் பழகிப் போனதால்தான் பயப்பட வேண்டிய வலியும் அதற்குள் ஒளிந்துகொள்கிறது.

மறுநாள் ஏன் வலிக்கிறது?

உர மூட்டை தூக்கிய அன்று களைப்புத்தான் தெரியும். வலி 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைகாட்டும். இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள் தானாகவே விட்டுவிடும். தசையில் லக்டிக் அமிலம் (லக்டேட்) தேங்குவதால் இப்படி வலிக்கிறது என்று உடற்பயிற்சிக் கூடங்களில் இன்னும் சொல்கிறார்கள். அந்த லக்டேட் வேலை முடிந்து ஒரு மணி நேரமளவில் இரத்தத்திலிருந்து அகன்றுவிடும்; மறுநாள் வலிக்கு அது காரணமாக முடியாது. தசைக்குள் ஏற்படும் நுண்ணிய கிழிசல்களே காரணம் என்று தியோடர் ஹஃப் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் 1902இலேயே எழுதினார். அந்தக் கிழிசல்களை ஆற்ற உடம்பு அவ்விடத்தில் அழற்சியை உண்டாக்குகிறது. வலியும் விறைப்பும் அதோடு வருகின்றன.

பாரத்தைத் தாங்கிக்கொண்டே தசை நீளும்போதுதான் இழைகள் அதிகம் கிழிகின்றன. மூட்டையைத் தூக்குவதைவிட அதை மெல்ல இறக்கி வைப்பதும், மலை ஏறுவதைவிடக் கொழுந்துச் சுமையோடு இறங்குவதும் தசைக்குக் கடினம். இறக்கத்தில் ஒவ்வோர் அடியிலும் முன்தொடைத் தசை நீண்டபடியே உடம்பையும் சுமையையும் பிடித்து நிறுத்துகிறது. ஏறும்போது மூச்சு வாங்குவதால் ஏற்றம்தான் கஷ்டம் என்று நினைக்கிறோம். தொடை வலிப்பதோ இறங்கியதால்.

பழகிய உடம்புக்கு வலி வந்தால்

ஒரு வேலையால் கிழிந்து ஆறிய தசை, அடுத்த முறை அதே வேலைக்கு அவ்வளவாகக் கிழிவதில்லை. இந்தப் பாதுகாப்பு வாரக்கணக்கில் நிற்கும். ஆகவே நாள் தவறாமல் பாரம் தூக்குகிறவருக்கு வழக்கமான வேலையால் இந்த வலி பெரிதாக வரக் கூடாது. வந்தால் வேலையில் ஏதாவது மாறியிருக்க வேண்டும். நீண்ட லீவு முடிந்து திரும்பியிருக்கலாம். பிள்ளை பெற்று மாதங்கள் கழித்து மலைக்குப் போயிருக்கலாம். சரிவு கூடிய மலைக்கு அனுப்பியிருக்கலாம். இரத்தினபுரி டவுனில் ஜிம்முக்குப் போகும் பையன் எடையைத் திடீரென்று கூட்டியிருக்கலாம்.

எதுவுமே மாறவில்லை, ஆனால் இருபது வருஷமாகக் கொழுந்தெடுக்கும் அம்மாவுக்குச் சாதாரண வேலை நாளில் மேலெல்லாம் வலிக்கிறது என்றால் அது வேலைக் களைப்பு அல்ல. காரணத்தைத் தேட வேண்டும். காய்ச்சல் தொடங்குவதாக இருக்கலாம், இரத்தசோகையாகவும் இருக்கலாம். இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் மரத்துப்போதல் நரம்பு சம்பந்தப்பட்டது. அதைத் தைலம் தேய்த்து ஆற்ற முடியாது.

வலி இருக்கும் நாட்களில்

முழுக்கப் படுத்துக் கிடக்க வேண்டாம். மெல்ல நடப்பதும், இலேசான வேலை செய்வதும் விறைப்பைக் குறைக்கும். சுடுதண்ணீர்க் குளியல் இதம் தரும். தைலம் சூட்டைக் காட்டி வலியை மறக்கச் செய்யுமே தவிர, தசையை ஆற்றாது, பூசுவதால் தீங்குமில்லை. தசை ஆறப் புரதம் வேண்டும்: ரொட்டியும் சம்பலும் மட்டும் போதாது, பருப்பு, கௌபி, முட்டை, நெத்திலிக் கருவாடு ஏதாவது ஒன்று தினமும் சேரட்டும்.

ஓய்வெடுங்கள் என்று சொல்வது எனக்கு எளிது. நிறை குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழும் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனால் பாதிப் பொறுப்பு நிர்வாகத்துடையது. அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனம் 1991இல் திருத்திய கணக்கில், எல்லா வசதியும் பொருந்திய நிலையிலும் ஒருவர் தூக்கத்தக்க எடை 23 கிலோதான். 50 கிலோ உர மூட்டை அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அதைச் சிறு மூட்டைகளாகப் பிரித்துக் கட்டலாம், இல்லையென்றால் இரண்டு பேரைத் தூக்கவிடலாம். கொழுந்தையும் அடிக்கடி நிறுத்துவிட்டால் இறக்கத்தில் சுமை குறையும்.

மழைக்காலத்துக் கெண்டைக்கால் வலி

எலிக்காய்ச்சல் அதிகம் பதிவாகும் மாவட்டங்களில் இரத்தினபுரியும் கேகாலையும் உண்டு. எலி, மாடு போன்றவற்றின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து, காலில் உள்ள சிறு வெட்டுக்காயம் வழியாகக் கிருமி உள்ளே போகிறது. பெரும்பாலும் 5 முதல் 14 நாட்கள் கழித்துத் திடீர்க் காய்ச்சல், தலைவலி, கண் சிவப்பு, கெண்டைக்காலிலும் இடுப்பிலும் கடும் வலி. நடக்கவே முடியாமல் வலிக்கும். மலை இறங்கிய வலி என்று நினைத்து மூன்று நான்கு நாள் கடத்துகிறவர்களுக்குச் சிறுநீரகம் பழுதாகலாம். தசை வலியால் காய்ச்சல் வராது. வலியோடு காய்ச்சலும் இருந்தால் அன்றே வைத்தியரிடம் போங்கள். லீவு நாளில் வயல் வேலைக்கோ மாணிக்கக் குழிக்கோ போகிறவர்கள், முன்கூட்டியே எடுக்கும் டொக்சிசைக்கிளின் பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்கலாம்.

இன்னோர் ஆபத்து, பழக்கமில்லாமல் அளவுக்கு மீறித் தூக்கும்போது தசை பெருமளவு சிதைவது. தசை வீங்கி, சிறுநீர் சாயத்தண்ணி நிறத்தில் போகும். சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும் நிலை அது. தண்ணீர் குடிக்காமல் வெயிலில் பாரம் தூக்கினால் ஆபத்து கூடும். 1990 அம்புலன்ஸை அழைக்கத் தயங்க வேண்டாம்.

காய்ச்சலோடு வலி இருக்கையில் டைக்ளோபெனாக், ஐபுபுரூபன், அஸ்பிரின் குளிசைகளைக் கடையில் வாங்கிப் போடாதீர்கள். டெங்கு என்றால் இரத்தக்கசிவைக் கூட்டும், சிறுநீரகத்துக்கும் கேடு. வைத்தியரைப் பார்க்கும்போது, செய்த வேலை என்ன, வலி எந்த நாள் தொடங்கியது, சேற்றுத் தண்ணீரில் இறங்கினீர்களா, சிறுநீர் என்ன நிறம், இதுவரை என்ன குளிசை போட்டீர்கள் என்ற ஐந்தையும் அவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.