7-ஐ 2-ஆல் வகுத்தால் எவ்வளவு?

“இது ஒரு கேள்வியா? மூன்றரை!” என்று உடனே சொல்லிவிடுவீர்கள். சரியான விடைதான். ஆனால் பைத்தான் என்னும் கணிப்பொறி மொழியிடம் 2001-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், 3 என்றுதான் பதில் வந்திருக்கும். இன்று கேட்டால் 3.5 என்று வருகிறது. இடையில் அந்த மொழியின் விதி ஒன்று மாறிவிட்டது. இந்தச் சிறு மாற்றத்தைச் செய்து முடிக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. ஏன் என்று பார்ப்போமா?

வாடிக்கையாளர் பட்டியல் இல்லாத கடை

நம் மாநிலத்தில் 12-ஆம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்தில் பைத்தானைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அல்லது படிக்கப் போகிறீர்கள். நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த கைடோ வான் ரோசம் என்பவர் 1989-ஆம் ஆண்டு டிசம்பரில் இதை உருவாக்கத் தொடங்கினார். 1991-இல் இது வெளியிடப்பட்டது. இது ஒரு திறந்த மூல மென்பொருள். அதாவது, அதன் உள்ளே எழுதப்பட்டிருப்பதை யாரும் படிக்கலாம், நகல் எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. உங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவருக்கு எந்தெந்த வீட்டில் எத்தனை லிட்டர் என்று தெரியும். நாளை வரமாட்டேன் என்றால் வீடு வீடாகச் சொல்லிவிடுவார். திறந்த மூல மென்பொருளை உருவாக்கியவர்களிடம் அப்படி ஒரு பட்டியல் கிடையாது. யார் எந்த நாட்டில், எந்த வேலைக்கு அதைப் பயன்படுத்துகிறார் என்பது அவர்களுக்குத் தெரியாது. பழைய வசதி ஒன்றை நீக்கப்போகிறோம் என்று யாருக்குக் கடிதம் எழுதுவது?

எதற்காக மாற்ற வேண்டும்?

பழைய பைத்தானில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் விடையும் முழு எண்ணாகவே வரும். 7-ஐ 2-ஆல் வகுத்தால் 3. ஆனால் 7.0 என்று எழுதி வகுத்தால் 3.5. ஒரே வகுத்தல் குறி, இரண்டு விதமான விடைகள்! புதிதாகக் கற்பவர்கள் குழம்பினார்கள். அனுபவசாலிகளும் தவறு செய்தார்கள். ஆகவே விதியை மாற்றுவது நல்லது என்று தோன்றியது.

ஆனால் பழைய விதியை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் என்ன ஆகும்? ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். ஒரு மொத்த வியாபாரி பென்சில்களை முழுப் பெட்டிகளாகவே விற்கிறார். பெட்டிக்கு 12 பென்சில். விலை 60 ரூபாய். 100 பென்சில்களைக் கொண்டு எத்தனை முழுப் பெட்டிகள் கட்டலாம்? 100-ஐ 12-ஆல் வகுத்தால் பழைய பைத்தான் 8 என்று சொல்லும். 8 பெட்டிகளின் விலை 480 ரூபாய். புதிய விதிப்படி விடை 8.33 என்று நீளும். அதை 60-ஆல் பெருக்கினால் 500 ரூபாய். நிரல் நிற்காது, பிழை என்று கத்தாது. வாங்குகிறவர் 8 பெட்டிகளை எடுத்துக்கொண்டு 20 ரூபாய் கூடுதலாகக் கொடுத்துவிட்டுப் போவார்.

இன்னொரு மாற்றத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். திரையில் எழுத்துகளைக் காட்டும் ‘பிரிண்ட்’ என்ற கட்டளைக்குப் பழைய பைத்தானில் அடைப்புக்குறி தேவையில்லை. புதியதில் கட்டாயம் வேண்டும். அடைப்புக்குறி இல்லையென்றால் நிரல் ஓடவே மறுக்கும். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் தவறு கண்ணில் பட்டுவிடும், திருத்திவிடலாம். ஓசையில்லாமல் நடக்கும் மாற்றமே அதிக ஆபத்தானது.

நயா பைசாவின் பாடம்

உங்கள் தாத்தா பாட்டியிடம் நயா பைசாவைப் பற்றிக் கேட்டுப்பாருங்கள். ஒரு ரூபாய்க்கு 16 அணா, அதாவது 64 பைசா என்று இருந்த காலம் ஒன்று உண்டு. 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் முதல் ஒரு ரூபாய்க்கு 100 பைசா என்றாயிற்று. பழைய நாணயங்களும் சில காலம் கூடவே புழங்கின. இரண்டுக்கும் ‘பைசா’ என்றே பெயர் இருந்தால் குழப்பம் வருமல்லவா? அதனால் புதியதற்கு ‘நயா பைசா’, அதாவது புதிய பைசா என்று பெயர் வைத்தார்கள். மக்களுக்குப் பழகிய பின், 1964-இல் ‘நயா’ என்ற சொல் நீக்கப்பட்டது.

பைத்தானிலும் ஏறக்குறைய இதே வழிதான் பின்பற்றப்பட்டது. 2001 டிசம்பரில் வெளிவந்த 2.2 பதிப்பில் // என்னும் இரட்டைக் குறி கிடைத்தது. முழு எண் விடை வேண்டுவோர் இனி இதை எழுதலாம். / என்னும் ஒற்றைக் குறியின் பொருள் அப்போது மாறவில்லை. ஆனால் எதிர்காலத்தில் மாறும் என்று அறிவிக்கப்பட்டது. புதிய விதியை முன்கூட்டியே பழகிப் பார்க்கவும் வழி இருந்தது. பழைய முறையில் வகுக்கும் வரிகளைச் சுட்டிக்காட்டும்படி மொழியையே கேட்கவும் முடிந்தது. பட்டியல் இல்லாத கடைக்கு ஏற்ற வழி இதுதான்: பழைய வசதியை யார் பயன்படுத்துகிறாரோ, அவர் பயன்படுத்தும் அந்த நேரத்தில் எச்சரிக்கையைக் காட்டுவது!

ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு, 2008 டிசம்பரில் வந்த 3.0 பதிப்பில்தான் விதி மாறியது. பழைய நிரல்களைப் புதிய வடிவுக்கு மாற்ற ‘டூ டு த்ரீ’ என்ற கருவியும் தரப்பட்டது. அது ‘பிரிண்ட்’ கட்டளைகளுக்கு அடைப்புக்குறி போட்டுக் கொடுத்தது. வகுத்தலை மட்டும் அதனால் திருத்த முடியவில்லை. எழுத்தைப் பார்த்து மட்டும், அங்கே வரப்போவது முழு எண்ணா, பின்ன எண்ணா என்று கருவிக்கு எப்படித் தெரியும்? எழுதிய மனிதர்தான் பார்க்க வேண்டியிருந்தது.

அதற்குக் காலம் தேவைப்பட்டது. பழைய வரிசையின் கடைசிப் பதிப்பான 2.7-ஐப் பராமரிப்பது 2015-இல் நிறுத்தப்படும் என்று முதலில் சொல்லியிருந்தார்கள். பலர் இன்னும் மாறவில்லை என்று கண்டு, 2014-இல் அந்தக் கெடுவை 2020 வரை நீட்டித்தார்கள்.

காதில் விழாத மணி

எச்சரிக்கை கொடுப்பதிலும் ஒரு சங்கடம் உண்டு. நிரலை எழுதியவர் ஒருவர், ஓட்டுபவர் வேறொருவர். ‘இந்த வசதி நீக்கப்படும்’ என்று ஓட்டுபவரின் திரையில் வந்தால் அவர் என்ன செய்வார்? அவரால் திருத்த முடியாது. எனவே 2010-இல் வந்த 2.7 பதிப்பில், அடுத்து 3.2 பதிப்பிலும், இத்தகைய எச்சரிக்கைகள் தாமாகத் தோன்றாதபடி மறைக்கப்பட்டன. தொல்லை குறைந்தது. ஆனால் நிரல் எழுதியவர்களில் பலரும் எச்சரிக்கையைப் பார்க்காமலே இருந்துவிட்டார்கள். பின்னர் 2018-இல் வந்த 3.7 பதிப்பில், நாம் நேரடியாக ஓட்டும் நிரலில் உள்ள பழைய வசதிகளுக்கு மட்டும் எச்சரிக்கை மீண்டும் தெரியும்படி செய்தார்கள்.

நல்ல எச்சரிக்கையில் மூன்று செய்திகள் இருக்க வேண்டும். எது போகிறது? எப்போது போகிறது? அதற்குப் பதில் எதைப் பயன்படுத்துவது? இவற்றில் ஒன்று குறைந்தாலும் படிப்பவர் தவித்துப் போவார்.

நீங்களும் செய்து பாருங்கள்

பள்ளிக் கணிப்பொறியில் பைத்தான் இருந்தால் 7/2 என்றும் 7//2 என்றும் தட்டிப் பாருங்கள். பிறகு 100/12, 100//12. பென்சில் வியாபாரியின் நிரலில் எந்த வரியைத் திருத்த வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஒருநாள் நீங்களும் நண்பர்களுக்காக ஒரு நிரல் எழுதக்கூடும். அதில் ஒரு வசதியை நீக்க நினைத்தால், ‘டூ டு த்ரீ’ கருவியின் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் வேலையும் ஒருநாள் முடிந்தது. 2022-இல் வந்த 3.11 பதிப்பு அதைப் பற்றி எச்சரித்தது; 2024-இல் வந்த 3.13 பதிப்பில் அது நீக்கப்பட்டது. வழிகாட்ட வந்த கருவிகூட, சொல்லிக்கொண்டுதான் விடைபெற்றது.