பரணில் கிடக்கும் நாட்டுத் துப்பாக்கி: ஆபத்து, சட்டம், வழி

கல்வராயன் மலையில் மரவள்ளி முற்றும் நேரத்தில் காட்டுப்பன்றிக் கூட்டம் ஒரு ராத்திரி இறங்கினால் போதும், கொல்லை காலி. காவலுக்குப் போகிறவர் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொள்வது அங்கே பழைய பழக்கம். அது பயிரைக் காப்பதைவிட வைத்திருப்பவரையும் வீட்டாரையும் சிக்கலில் மாட்டிவிடுவதே அதிகம்.

விரல் இருக்க வேண்டிய இடம்

போட்டியில் கைத்துப்பாக்கி சுடுகிறவர் சுட்டுவிரலின் முதல் கணுவின் சதைப்பகுதியை விசையில் பதித்து, நேராகப் பின்னோக்கி மெல்ல அழுத்துவார். நுனி மட்டும் பட்டாலோ, விரல் மிகவும் உள்ளே போனாலோ குறி பக்கவாட்டில் விலகும். ஆனால் அவருக்குச் சொல்லித்தரும் முதல் பாடம் வேறு: சுடப்போகும் நொடி வரை விரல் விசை வளையத்துக்கு வெளியே நீட்டியபடி இருக்க வேண்டும், குழல் யாரையும் நோக்கக் கூடாது.

காவலுக்குப் போகிறவருக்கும் இதே பாடம்தான்: மலைப்பாதையில் கால் இடறும்போது கை தானாக இறுகும். விரல் விசைமேல் இருந்தால் வெடித்துவிடும். பட்டறையில் செய்த துப்பாக்கியில் பெரும்பாலும் பாதுகாப்புப் பூட்டு கிடையாது. உள்ளே தேய்மானம் இருந்தால் கீழே விழுந்த அதிர்ச்சியே போதும். குழல்வாய் வழியாகக் கரிமருந்தும் ஈயக் குண்டும் இடித்து நிரப்புவதால், தோட்டாவை உருவுவதுபோல் எளிதில் வெளியே எடுக்க முடியாது. நிரப்பியது நிரப்பியபடியே வீட்டுப் பரணுக்குப் போகிறது. பிள்ளைகளின் கைக்கும் எட்டுகிறது. மருந்து கூடினால் குழலே சிதறும்.

சட்டம் சொல்வது

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 2019இல் கடுமையாக்கப்பட்டது. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு வரை சிறை, அபராதம். உரிமமின்றிச் செய்து விற்றாலோ பழுதுபார்த்தாலோ குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். கவனக்குறைவால் உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதா 106ஆம் பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறை.

வனவிலங்கைச் சுடுவது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் தனிக் குற்றம். துப்பாக்கிக்கு உரிமம் இருந்தாலும் சுட அனுமதி தனியே வேண்டும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பழங்குடியினரின் பல உரிமைகளை ஏற்றிருந்தாலும் வேட்டையை அதில் சேர்க்கவில்லை.

என்ன செய்யலாம்?

• பயிர்ப் பாதுகாப்புக்காகக் குழல்வாய் வழியே நிரப்பும் துப்பாக்கிக்கு உரிமம் தர ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவே இடம் தருகிறது. மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்கலாம், காவல்துறை விசாரிக்கும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெறலாம், மேல்முறையீடும் செய்யலாம்.

• உரிமம் வைத்திருந்தவர் இறந்துவிட்டால் வாரிசுகள் துப்பாக்கியைத் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும்.

• உரிமமே இல்லாத துப்பாக்கியைப் புதரில் வீசாதீர்கள், அடுத்தவருக்குக் கைமாற்றவும் வேண்டாம். தானாக ஒப்படைத்தால் வழக்கே வராது என்று சட்டம் உறுதி தரவில்லை. ஆகவே முதலில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞரிடம் பேசுங்கள். கல்வராயன் மலையில் வாழும் மலையாளிகள் உட்படப் பட்டியல் பழங்குடியினருக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இந்த உதவி இலவசம். தொலைபேசி எண் 15100.

• பன்றி பயிரை அழித்தால் சேதத்தைப் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் உடனே மனு கொடுத்து இழப்பீடு கேளுங்கள். மனுவுக்கு ஒப்புகை வாங்க மறக்காதீர்கள்.

• குண்டுக்காயம் பட்டால் 108ஐ அழையுங்கள். சுத்தமான துணியால் காயத்தை இறுக்கி அழுத்துங்கள். குண்டைத் தோண்டி எடுக்காதீர்கள். வழக்குக்குப் பயந்து காயத்தை மறைத்தால் உயிரே போய்விடலாம்.