அன்னாசி சீவும் இயந்திரமும் காப்புரிமைச் சட்டமும்



ஜொகூர் மாநிலத்தில் பொந்தியான் வட்டாரத்தைச் சேர்ந்த பெக்கான் நானாஸ் ஊரை உங்களில் பலர் அறிவீர்கள். மலாய் மொழியில் 'பெக்கான்' என்றால் சிறுபட்டணம். 'நானாஸ்' என்றால் அன்னாசி. இந்த நானாஸ் என்ற சொல்லும் நாம் சொல்லும் அன்னாசி என்ற சொல்லும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். தென்னமெரிக்கப் பழங்குடி மக்களின் சொல், போர்த்துக்கீசியர் வாய்வழியே கடல் கடந்து வந்து, அவரவர் நாவுக்கு ஏற்ப உருமாறியது. பழமும் அதே வழியில் வந்ததுதான்.

அன்னாசிக்கும் ரப்பர்த் தோட்டத்துக்கும் பழைய உறவு உண்டு. இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில், புதிதாக நட்ட ரப்பர்க் கன்றுகள் பால் கொடுக்க ஆறேழு ஆண்டுகள் ஆகும் அல்லவா? அதுவரை கைச்செலவுக்கு வேண்டும் என்று, கன்றுகளுக்கு இடையே அன்னாசியை நட்டார்கள். மரம் வளர்ந்து நிழல் விழுந்ததும் அன்னாசி போய்விடும். பிறகுதான், வேறு பயிர்கள் தயங்கும் கரிச்சதுப்பு நிலத்திலும் அன்னாசி நன்றாக வரும் என்று கண்டு, ஜொகூரின் மேற்குப் பகுதியில் அதைத் தனிப்பயிராக வளர்த்தார்கள். 1930ஆம் ஆண்டுகளில், டின்னில் அடைத்த அன்னாசியை ஏற்றுமதி செய்வதில் ஹவாய்த் தீவுகளுக்கு அடுத்த இடம் மலாயாவுக்கு இருந்தது.

முதலிடத்தில் இருந்த ஹவாய்க்கும் நமக்கும் என்ன வேறுபாடு? ஒரு பழத்தைச் சீவிப் பார்த்தால் விளங்கும். கொண்டையை வெட்ட வேண்டும். அடியை வெட்ட வேண்டும். தோலைச் செதுக்க வேண்டும். கண்களைச் சாய்வாகக் கீறி எடுக்க வேண்டும். கடைசியில் நடுத்தண்டைக் குடைந்து நீக்க வேண்டும். பழகிய கையாக இருந்தாலும், பழத்தின் சாறு விரலைத் தின்றுவிடும். போருக்கு முந்திய மலாயாவின் தொழிற்சாலைகளில் இது பெரும்பாலும் கைவேலையாகவே நடந்தது. ஹவாயில் அந்த வேலையை ஓர் இயந்திரம் செய்தது.

அந்த இயந்திரத்தின் கதையைச் சொல்கிறோம். ஜேம்ஸ் டோல் என்பவர் ஹவாயில் அன்னாசித் தொழிற்சாலை நடத்தியவர். தோட்டத்தில் பழம் குவிந்தது. சீவும் வேகம் போதவில்லை. 1911ஆம் ஆண்டில் ஹென்றி ஜினாகா என்ற இயந்திரப் பட வரைவாளரை வேலைக்கு அமர்த்தி, 'பழம் சீவ ஓர் இயந்திரம் செய்து கொடு' என்றார். ஜினாகா செய்தது இதுதான். பழம் ஒரு வாரில் ஏறி வரும். சுழலும் குழாய் வடிவக் கத்தி ஒன்று பழத்தின் ஊடே புகுந்து, தோலை வெளியே விட்டு உள்சதையை உருளையாக வெட்டி எடுக்கும். அடுத்த கத்திகள் தலையையும் அடியையும் நறுக்கும். இன்னொரு சிறிய குழாய் நடுத்தண்டைக் குடைந்து தள்ளும். தோலில் ஒட்டிய சதையைக் கூட வீணாக்காமல் சுரண்டி எடுக்க ஒரு பகுதி உண்டு. அதற்கு முன் இருந்த கையால் ஊட்டும் கருவிகள் நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து பழங்களோடு நின்றன. ஜினாகாவின் இயந்திரம் அதைப் பல மடங்காக்கியது. பின்னாளில் திருத்தி அமைத்தபோது நிமிடத்துக்கு நூறு பழம் வரை சீவியது.

ஜினாகா என்ன ஆனார்? 1914ஆம் ஆண்டில் வேலையை விட்டுக் கலிபோர்னியாவுக்குப் போய்ச் சுரங்கத் தொழிலில் இறங்கினார். 1918ஆம் ஆண்டு உலகெங்கும் பரவிய விஷக் காய்ச்சலில், 42 வயதில் இறந்து போனார். அன்னாசி என்றதும் உலகத்தின் நினைவுக்கு வரும் பெயர் டோல். ஜினாகா என்ற பெயர் தொழிற்சாலைக்குள் இயந்திரத்தின் பெயராக மட்டும் நின்றது.

இங்கேதான் நமக்கு ஒரு கேள்வி எழுகிறது. ஒருவர் சம்பளத்துக்கு வேலை செய்யும்போது ஒரு புதுக் கருவியைக் கண்டுபிடித்தால், அது யாருக்குச் சொந்தம்? அந்தக் கேள்விக்குப் போகும் முன், காப்புரிமை என்றால் என்னவென்று தெரிந்துகொள்வோம். ஆங்கிலச் சொல்லையே வைத்து 'பேட்டண்ட்' என்றும் சொல்கிறோம்.

காப்புரிமை என்பது ஒரு கொடுக்கல் வாங்கல். கண்டுபிடித்தவர் தம் இரகசியத்தை ஒளிக்காமல், படம் போட்டு, பிறர் படித்துச் செய்து பார்க்கும் அளவுக்கு எழுதி அரசாங்கத்திடம் கொடுக்கிறார். அதற்கு ஈடாக, அவருடைய அனுமதி இல்லாமல் அதைச் செய்யவோ விற்கவோ மற்றவர்களுக்கு உரிமை இல்லை என்று அரசாங்கம் குறிப்பிட்ட காலத்துக்குத் தடை போடுகிறது. காலம் முடிந்ததும் அது ஊர்ப் பொதுச்சொத்து.

நம் தலைக்கு மேலேயே இதற்குச் சான்று இருக்கிறது. லயத்து வீட்டுக் கூரையில் வரிவரியாக வளைந்த தகரத்தைப் பாருங்கள். தட்டையான மெல்லிய தகட்டைக் கையால் பிடித்தால் துவண்டு விழும். அதையே அலை அலையாக மடித்தால் தூலங்கள் குறைவாக இருந்தாலும் விறைப்பாக நிற்கும். கடதாசியை விசிறி போல் மடித்து நிறுத்தும் பிள்ளைகளுக்கு இந்த வித்தை தெரியும். இலண்டன் துறைமுகத்தில் பொறியியலாளராக இருந்த ஹென்றி ராபின்சன் பாமர் என்பவர் 1829ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். அக்காலத்தில் இங்கிலாந்தில் உரிமைக் காலம் 14 ஆண்டுகள். ஆகவே 1843ஆம் ஆண்டில் அது முடிந்தது. அதன்பின் யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றானதும் விலை இறங்கியது. இரும்பு துருப்பிடிக்காமல் இருக்கத் துத்தநாகம் பூசும் முறைக்குப் பிரான்சில் சோரல் என்பவர் 1837ஆம் ஆண்டிலேயே உரிமை பெற்றிருந்தார். இரண்டும் சேர்ந்து கப்பல் ஏறி, அத்தாப்புக் கூரை இருந்த இடங்களுக்கெல்லாம் வந்து சேர்ந்தன. மத்தியான வெயிலில் அந்தக் கூரையின் கீழே உட்கார்ந்தவர்கள் பாமரை வாழ்த்துவார்களா என்பது வேறு விஷயம்! லயத்துத் தரைக்குப் போடும் போர்ட்லண்ட் சிமெண்டும் 1824ஆம் ஆண்டில் ஜோசப் ஆஸ்ப்டின் என்ற கொத்தனார் பெற்ற காப்புரிமையிலிருந்து கிளைத்ததே.

அடுத்து, நம் முன்னோர் வாழ்க்கையையே திருப்பிப் போட்ட ஒரு கண்டுபிடிப்பு: காற்றடைத்த டயர். பெல்பாஸ்ட் நகரில் மாட்டு வைத்தியராக இருந்த ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர சைக்கிள் கல்லில் கடகடவென்று ஓடுவதைப் பார்த்து, ரப்பர்க் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் சுற்றினார். 1888ஆம் ஆண்டில் காப்புரிமை கிடைத்தது. தொழில் தொடங்கியது. ஆனால் சில ஆண்டுகளுக்குள், அந்த உரிமை செல்லாது என்று தெரிய வந்தது. ஏன்? ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் 1845ஆம் ஆண்டிலேயே காற்றடைத்த சக்கரத்துக்கு உரிமை பெற்று, குதிரை வண்டியில் ஓட்டியும் காட்டியிருந்தார். அப்போது சைக்கிளும் இல்லை, மோட்டாரும் இல்லை. வாங்க ஆளில்லாமல் அது மறக்கப்பட்டது. டன்லப் அதை அறியாமல் மறுபடி கண்டுபிடித்தார். அறியாமல் செய்தாலும், ஏற்கெனவே வெளிவந்தது புதுமை ஆகாது. டயரைச் சக்கர விளிம்பில் பிடித்து நிறுத்தும் முறைக்கு வேறு சிலர் பெற்றிருந்த உரிமைகளை வாங்கித்தான் அந்தக் கம்பெனி பிழைத்தது.

டயர் பெருகியதால் ரப்பர் வேண்டியிருந்தது. சிங்கப்பூர்ப் பூங்காவின் தலைவராக 1888 முதல் 1911 வரை இருந்த ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவிப் பால் எடுக்கும் முறையைத் தோட்டக்காரர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். காடு தோட்டமானது. தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று தமிழ்நாட்டுக் கிராமங்களில் கங்காணிகள் தேடினார்கள். ஒரு சிறுவனின் சைக்கிள் சக்கரத்துக்கும் நம் பாட்டன் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியதற்கும் இப்படியொரு தொடர்பு.

இனி நம் கேள்விக்கு வருவோம். செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நீளக் கம்பில் பூட்டிய அரிவாளால் நாள் முழுவதும் அண்ணாந்து வெட்டுகிறார். மலேசிய செம்பனை வாரியம் மோட்டார் பூட்டிய 'சந்தாஸ்' என்ற வெட்டுக் கருவியை உருவாக்கியிருக்கிறது. என்றாலும், எந்த இடத்தில் கம்பு நழுவுகிறது, எந்த அதிர்ச்சி மணிக்கட்டில் இறங்குகிறது என்பதை அவரைப்போல் அறிந்தவர் யார்? அவர் கம்புக்கு ஒரு புதுவகைப் பூட்டைச் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தோட்டத்துப் பட்டறையில், தோட்டத்து இரும்பில், தோட்டத்துப் பற்றவைப்புக் கருவியால் செய்கிறார். வேலை சுலபமாகிறது. துரை பார்க்கிறார். அடுத்த ஆண்டில் அந்தப் பூட்டு பல தோட்டங்களில் இருக்கிறது. இவருக்கு முதுகில் ஒரு தட்டு, ஒருவேளை தீபாவளிக்கு ஒரு பிஸ்கட் டின்.

மலேசியாவின் 1983ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் 1986 அக்டோபர் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இங்கே தனி வழி இல்லை. இங்கிலாந்தில் உரிமை பெற்று, பிறகு இங்கே பதிய வேண்டும். இந்தச் சட்டத்தின் 20ஆம் பிரிவு நம் தொழிலாளியைப் போன்றவர்களைப் பற்றியே பேசுகிறது. கண்டுபிடிப்பது அவருடைய வேலை அல்ல. ஆனாலும் முதலாளியின் தொழில் துறையில், முதலாளி கொடுத்த சாதனங்களையோ விவரங்களையோ கொண்டு ஒன்றைக் கண்டுபிடித்தால், ஒப்பந்தத்தில் மாறாக எழுதியிருந்தாலொழிய, காப்புரிமை முதலாளிக்குப் போகும். இதுவரை கேட்டால் மனம் சோரும். ஆனால் அதே பிரிவு, தொழிலாளிக்கு நியாயமான ஊதியம் தனியாகக் கொடுக்க வேண்டும் என்கிறது. இருவரும் ஒத்துப் போகாவிட்டால் நீதிமன்றம் தொகையை நிர்ணயிக்கலாம். அவருடைய சம்பளம், கண்டுபிடிப்பின் மதிப்பு, முதலாளி அடைந்த பயன் ஆகியவற்றைக் கணக்கில் எடுக்கும். இந்த உரிமையை ஒப்பந்தத்தில் எழுதிக் குறைக்கவும் முடியாது. கண்டுபிடித்தவர் வேண்டாம் என்று தாமே எழுதிக் கொடுத்தாலன்றி, உரிமைப் பத்திரத்தில் அவர் பெயர் இருக்க வேண்டும். ஜினாகாவின் காலத்தைவிட இது எவ்வளவோ மேல் என்பது எங்கள் கருத்து. ஆனால் சட்டம் தானாக லயத்துக்கு நடந்து வராது, கேட்பவருக்குத்தான் கொடுக்கும். தொழிற்சங்கக் கிளையில் இதை எடுத்துப் பேசத் தயங்க வேண்டியதில்லை.

சொந்த நேரத்தில், சொந்தச் செலவில், தோட்டத் தொழிலுக்குச் சம்பந்தமில்லாத ஒன்றை வீட்டில் செய்தால் அது செய்தவருக்கே உரியது. வீட்டுப் பெண்கள் தேங்காய் துருவவும் மாவு பிழியவும் செய்துகொள்ளும் உபாயங்களும் இதில் சேரும்.

கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தத்தை நினைத்துப் பாருங்கள். நெசவாளியின் மகன், தந்தை விபத்தில் இறந்ததால் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுப் பட்டறை வேலைக்குப் போனவர். பெண்கள் மாதவிலக்குக் காலத்தில் பயன்படுத்தும் பஞ்சுத் துணியை மலிவாகச் செய்ய ஒரு சிறிய இயந்திரம் அமைக்க முனைந்தார். ஊர் சிரித்தது, வீட்டார் பிரிந்தார்கள். பல ஆண்டுகள் முயன்று, மரக்கூழைப் பஞ்சாகத் தட்டி, அச்சில் அழுத்தி, உறையிட்டு, கிருமி நீக்கும் எளிய இயந்திரங்களைச் செய்து காப்புரிமையும் பெற்றார். பெருங்கம்பெனிக்கு விற்காமல் கிராமப் பெண்கள் குழுக்களுக்குக் கொடுத்தார். உரிமை கையில் இருந்ததால்தான் யாருக்குக் கொடுப்பது என்று அவரால் தீர்மானிக்க முடிந்தது. 2016ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது.

விண்ணப்பம் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. எண்ணம் தோன்றியதும் நாலு பேருக்குக் காட்டிப் பெருமைப்படுவது மனித இயல்பு. ஆனால் பலர் அறிய வெளியிட்டுவிட்டால் புதுமை போய்விடும். நம் நாட்டுச் சட்டம் ஓராண்டு தவணை தருகிறது. கண்காட்சியில் காட்டியிருந்தாலும் ஓராண்டுக்குள் விண்ணப்பித்துவிடலாம். எல்லா நாடுகளும் அப்படித் தருவதில்லை. உரிமையும் விண்ணப்பித்த நாட்டில்தான் செல்லும். இங்கே பெற்றது சிங்கப்பூரில் செல்லாது.

காப்புரிமைக்குக் கண்டுபிடிப்பு புதியதாக இருக்க வேண்டும், துறை அறிந்தவருக்கும் எளிதில் தோன்றாததாக இருக்க வேண்டும், தொழிலில் பயன்பட வேண்டும். காலம் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். இடையில் ஆண்டுக் கட்டணம் கட்டி வர வேண்டும். சிறு திருத்தங்களுக்கு 'பயன்பாட்டுப் புத்தாக்கம்' என்ற எளிய சான்றிதழ் உண்டு. முதலில் 10 ஆண்டுகள். தொழிலில் பயன்பட்டு வருவதைக் காட்டினால் ஐந்தைந்தாக 20 ஆண்டுகள் வரை நீட்டலாம். நாம் மேலே சொன்ன கம்புப் பூட்டு போன்றவற்றுக்கு இதுவே பொருத்தம் என்று நினைக்கிறோம்.

இவற்றைக் கவனிப்பது மலேசிய அறிவுசார் சொத்துடைமைக் கழகம். இந்நாட்டில் குடியிருப்பவர் முகவர் இல்லாமல் தாமே விண்ணப்பிக்கலாம். மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுத வேண்டும். பொருளைப் படம் வரைந்து, ஒவ்வோர் உறுப்புக்கும் எண்ணிட்டு, எந்த எண் எதைச் செய்கிறது என்று எழுதுவதே அதன் முறை. உங்களுக்கு மலாய் எழுத்து ஓடாவிட்டால், இடைநிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். படத்தை நீங்களே வரையுங்கள். அந்தப் பூட்டு எங்கே நழுவும் என்பது பிள்ளைக்குத் தெரியாது.