சுவரில் ஊன்றிய கால்

வெளியூர்க்காரர்களுக்கு விருத்தாசலம் என்றால் பீங்கான். 2006 சட்டமன்றத் தேர்தலில் அந்த ஊர் வேறொரு காரணத்துக்காகவும் பேசப்பட்டது. தேமுதிக போட்டியிட்ட 232 தொகுதிகளில் விருத்தாசலம் ஒன்றில்தான் வென்றது; வென்றவர் அதன் தலைவர், நடிகர் விஜயகாந்த். சண்டைப் படங்களில் மயங்கிய கூட்டம் ஓட்டுப் போட்டுவிட்டது என்று சொல்வது சுலபம். ஆனால் கணக்கு உதைக்கிறது. அவருடைய சண்டைகளைத் தமிழ்நாடே பார்த்தது. மற்ற 231 தொகுதிகளும் அவர் கட்சியை ஏற்கவில்லை. 2021இல் இதே விருத்தாசலத்தில் நின்ற அவர் மனைவி பிரேமலதாவும் தோற்றார். திரை வேறு, வாழ்க்கை வேறு என்பது ரசிகருக்கு நன்றாகவே தெரியும். அப்படியிருந்தும் அடிதடிப் படம் அவரை ஏன் இழுக்கிறது?

தேர்ச்சிதான் இழுக்கிறது என்பேன். விஜயகாந்தின் அந்தப் பிரபலமான உதையையே எடுத்துக்கொள்வோம். சுவரில் ஒரு காலை ஊன்றி எம்புகிறார், உடம்பு காற்றிலேயே திரும்புகிறது, மறுகால் எதிராளி மேல் இறங்குகிறது. கனத்த ஓர் உடம்புக்கு அது கைகூடுவதைப் பார்த்துத்தான் கொட்டகையில் விசில் பறந்தது. 1978இல் ஹாங்காங்கில் வந்த ‘ஷாவ்லினின் 36ஆம் அறை’ படத்தில் பழிவாங்கலைவிடப் பயிற்சிதான் மனதில் நிற்கிறது. கை தாழ்ந்தால் விலாவில் குத்தும்படி கத்திகளைக் கட்டிக்கொண்டு நாயகன் தண்ணீர் சுமக்கிறான். அந்தப் படத்தின் சாயலில்தான் 1983இல் ரஜினிகாந்த் நடித்த ‘பாயும் புலி’ வந்தது. 2011இல் வெளியான இந்தோனேசியப் படம் ‘தி ரெய்ட்’ இவற்றைவிடப் பல மடங்கு கொடூரமானது. ஆனாலும் சிலாட் தற்காப்புக் கலை பயின்ற இகோ உவைஸின் முழங்கை எங்கே பாய்கிறது, எதிராளி ஏன் சரிகிறான் என்பது ஒவ்வொரு அடியிலும் துலக்கமாகத் தெரிகிறது. களிமண்ணை அச்சில் வார்த்துச் சூளையில் ஏற்றும் விருத்தாசலத்துக்குக் கைவேலையை எடைபோடச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிள்ளைகள் கெட்டுப்போவார்களே என்ற கவலை நியாயமானது. ‘தி ரெய்ட்’ சிறுவர்களுக்கு ஆகாத படம். ‘ஏ’ சான்றிதழைத் திரையரங்குகள் கண்டிப்பாக மதிக்க வேண்டும். ஆனால் மனதை அதைவிட மரக்கச் செய்வது, எந்திரத் துப்பாக்கியால் நூறு பேரைச் சாய்த்துவிட்டு நாயகன் தலைமுடிகூடக் கலையாமல் நடந்துபோகும் படம். அங்கே செத்தவன் வெறும் எண்ணிக்கை. நல்ல சண்டைப் படத்திலோ அடித்தவனுக்கும் மூச்சு வாங்குகிறது, கை வலிக்கிறது. அந்த வலியில் பாதி நடிப்பே அல்ல, சண்டைக் கலைஞர்கள் மெய்யாகவே படுவது. சண்டை அமைப்புக்குத் தேசிய விருது முதன்முதலாகக் கிடைத்ததே 2017இல்தான், ‘புலிமுருக’னுக்காக பீட்டர் ஹெய்னுக்கு. ஆஸ்கர் 2028 விழாவில்தான் அத்தகைய விருதைத் தொடங்கப்போகிறது. அடிப்பவர் பெயர் படத்தின் தொடக்கத்திலேயே கொட்டை எழுத்தில் வருகிறது. அடி வாங்கி விழுபவர்களின் பெயர்களையும் தயாரிப்பாளர்கள் அங்கேயே போடட்டும்.