கடல் கடந்து வந்த மருமகளும் நம் வீட்டு மகளும்

நல்லூருக்கு வடக்கே, மருதனார்மடத்தில் விளங்கும் இராமநாதன் கல்லூரியை அறியாத குடும்பம் நம்மிடையே இல்லை எனலாம். தமிழ்ப் பெண்கள் சைவச் சூழலிற் கல்வி பெறவேண்டுமென்று சேர் பொன்னம்பலம் இராமநாதன் அதனை 1913ஆம் ஆண்டில் நிறுவினார். 1930இல் அவர் மறைந்த பின்னர் அக்கல்லூரியைப் பேணியவர், அவருடைய இரண்டாம் மனைவியாகிய லீலாவதி அம்மையார். அவுஸ்திரேலியாவிற் பிறந்த அம்மாது, சைவநெறியைத் தமதாக்கிக்கொண்டு, 1953இல் மறையும்வரை நம்மவராகவே வாழ்ந்தார்.

அக்குடும்பத்துக்கு இது புதிதன்று. இராமநாதனின் தாய்மாமனாகிய சேர் முத்துக்குமாரசுவாமி 1875இல் எலிசபெத் பீபி என்னும் ஆங்கில மாதை மணந்தார். 1879இல் கணவரை இழந்த அவ்வம்மையார் வளர்த்த மைந்தரே, கலையுலகம் போற்றும் ஆனந்த குமாரசுவாமி. அவர் நான்கு முறை மணம் புரிந்தார். மனைவியருள் எவரும் தமிழரல்லர்.

இப்பெரியோரை நாம் பெருமையுடன் நினைவுகூர்கின்றோம், அது தக்கதே. ஆயின் மூவரும் ஆடவர். கல்வியும் செல்வாக்கும் மிக்கவர். சாதாரணக் குடும்பத்துப் பெண்ணொருத்தி சிங்கள இளைஞன் ஒருவனைக் கைப்பிடித்தால், அல்லது கைம்பெண் ஒருத்தி பிற இனத்தவரை மறுமணம் செய்தால், வீட்டுக் கதவு அடைபடுகின்றதன்றோ?

சட்டமோ இதனை முன்னரே எண்ணிப் பார்த்தது. தேசவழமைக்கு உட்பட்ட பெண் அதற்கு உட்படாதவரை மணந்தால், அம்மணம் நிலைக்கும்வரை தேசவழமை அவளைக் கட்டுப்படுத்தாது. பிற இனப் பெண் நம் ஆடவரை மணந்தால் அவள் அதற்கு உட்படுவாள் என 1911ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. தேசவழமைக்கு உட்பட்ட மனைவி, கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றித் தன் காணியை விற்றல் பொதுவாக இயலாது. ஆகவே, சம்பந்தம் பேசுவோர் இவ்வேறுபாட்டையும் அறிந்திருத்தல் நன்று.

1983க்குப் பின் கனடாவிலும் இங்கிலாந்திலும் குடியேறிய நம்மவரின் பிள்ளைகளுள் சிலர் வெள்ளையரை மணக்கின்றனர். உறவினர் விமானமேறிச் சென்று வாழ்த்துகின்றனர். அண்டை வீட்டு இனத்தவர் என்றால் மட்டும் மனம் மறுக்கின்றது. 2009வரை நீண்ட போரின் வடு ஆறாத மண்ணில் அது எளிதன்று என்பதை நாம் அறிவோம். ஆயினும், இனத்தின் வடுவை ஒரு தனி மனிதன்மேற் சுமத்துதல் நீதியாகுமா?

எவரும் இன்னாரை மணக்கவேண்டும் என்பதன்று எமது கருத்து. பெற்றோர் இனத்தை வினவுமுன் குணத்தை வினவுக. மகனுக்குத் திறந்த வாயில் மகளுக்கும் திறக்கட்டும்.