சாப்பிடும் பூச்சி ஓடாது

தை மாதத்து அவரைப் பந்தலில் கொடியின் நுனியெல்லாம் கறுப்பு அசுவினி அப்பிக்கிடக்கும். ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கத்து வீடுகளில் அன்று அதற்கு ஒரே வைத்தியம்தான்: அடுப்புச் சாம்பலை அள்ளித் தூவுவது. சாம்பல் அசுவினி மேல் மட்டுமா விழும்? அதைத் தின்ன வந்த பொறிவண்டுப் புழு மேலும் விழும். கறுப்பும் ஆரஞ்சுமாக, குட்டி முதலை போல ஊர்ந்துவரும் அந்தப் புழுவைப் பார்த்து, நமக்கு நல்லது செய்ய வந்தது என்று யாரும் நினைப்பதில்லை. அழகான வண்டு ஒரு பூச்சி, அசிங்கமான புழு இன்னொரு பூச்சி என்பதுதான் கணக்கு. பிறகு சாம்பல் போய் மருந்து வந்தது. கணக்கு மட்டும் மாறவில்லை.

கிட்டப் போய்ப் பார்த்திருந்தால் மாறியிருக்கும். ஆனால் அந்தக் காலத்தில் தோட்டத்துப் பூச்சியைப் படமெடுப்பது கிறுக்குத்தனம். ரஷ்யத் தயாரிப்பான ஜெனிட் கேமராவோ ஜப்பானின் பென்டாக்ஸோ கையில் இருக்கும். மேக்ரோ லென்ஸ் வாங்க வசதி இராது. 50 மி.மீ. லென்ஸையே கழற்றி, ஒரு வளையம் வைத்து முன்பக்கம் பின்னாகத் திருப்பி மாட்டுவார்கள். பூச்சியை அதன் அசல் அளவிலேயே பிலிமில் விழவைத்தால், ஃபோகஸில் நிற்கும் ஆழம் ஓரிரண்டு மில்லிமீட்டர்தான். மூச்சு விட்டால் கண் தெளிவும் போய்விடும். ஒரு ரோலில் 36 படம். ஸ்டூடியோவில் கொடுத்துக் கழுவிப் பிரிண்ட் போட்டு வாங்கினால்தான் என்ன கிடைத்தது என்றே தெரியும். பாதிப் படத்தில் பூச்சியே இருக்காது.

அதனால் படமெடுத்தவர்கள் ஒரு தந்திரம் கற்றுக்கொண்டார்கள். சாப்பிடும் பூச்சி ஓடாது. கும்பிடுபூச்சி ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்துவிட்டால், கேமராவை ஒரு ஜாண் தூரத்துக்குக் கொண்டுபோனாலும் அசைந்துகொடுக்காது. இரையைக் கொன்றுவிட்டுத் தின்னும் வழக்கம் அதற்கு இல்லை. முள் வைத்த முன்கால்களால் இறுக்கிப் பிடித்து, உயிரோடேயே கடிக்கத் தொடங்கிவிடும். கொள்ளைக்கார ஈ இன்னும் வசதி. வரப்போரத்துக் காய்ந்த குச்சி ஒன்றில் உட்கார்ந்திருக்கும். பறந்துபோய் ஓர் ஈயையோ தேனீயையோ பிடித்துக்கொண்டு பெரும்பாலும் அதே குச்சிக்குத் திரும்பும். ஊசி மூக்கைக் குத்தி எச்சிலைச் செலுத்தி, உள்ளே இருப்பதைக் கரைத்து உறிஞ்சும். ஈயைத் துரத்த வேண்டியதில்லை, குச்சியைப் பார்த்து ஃபோகஸ் வைத்துக் காத்திருந்தால் போதும். பழைய பூச்சிப் படங்களில் பாய்ச்சல் குறைவாகவும் பந்தி அதிகமாகவும் இருப்பதற்குக் காரணம் ரசனை இல்லை, பிலிமின் வேகம்.

இன்று சில நூறு ரூபாய்க்கு செல்போனில் கவ்வும் லென்ஸ் கிடைக்கிறது. போனிலேயே மேக்ரோ வசதி வந்துவிட்டது. ஃபிளாஷின் முன்னால் டிரேசிங் பேப்பரையோ வெள்ளைத் தெர்மாகோலையோ கட்டி வெளிச்சத்தை மென்மையாக்கிக்கொள்கிறார்கள். ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எடுத்த பல படங்களை மென்பொருளில் அடுக்கி, தலை முதல் வால் வரை தெளிவான ஒரே படமாக்கும் வித்தையும் வந்துவிட்டது. இங்கிலாந்துப் புகைப்படக்காரர் லெவன் பிஸ் ஒரு பூச்சிக்கு 8,000 படங்களுக்கு மேல் எடுத்து அடுக்கினார். ஆனால் அவை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருந்த செத்த பூச்சிகள். நம் தோட்டத்துப் பூச்சி உயிரோடு இருக்கிறது. அதை நாலைந்து படம் எடுத்து அடுக்க வேண்டும் என்றாலும் அது சாப்பிட உட்கார்ந்தாக வேண்டும். பழைய தந்திரம் இன்னும் செலாவணியில்தான் இருக்கிறது.

இன்றைக்கு வந்த கெட்ட பழக்கமும் ஒன்று உண்டு. பூச்சியைப் பிரிட்ஜில் வைத்து விறைக்கவைத்து, இலையில் உட்கார்த்தி எடுப்பது. பசை போட்டு ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். எத்தனை லைக் வாங்கினாலும் அந்தப் படங்களை நான் மதிப்பதில்லை. விறைத்த பூச்சி சாப்பிடாது. அதனால் வாயும் காலும் வேலை செய்துகொண்டிருக்கும் படத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை அதிகம் (கும்பிடுபூச்சிக்குக் கையால் இரை ஊட்டிவிட்டு எடுப்பது வேறு கதை).

பனமரத்துப்பட்டிப் பக்கம் அரளித் தோட்டங்கள் அதிகம். அரளித் தளிரில் மஞ்சள் அசுவினி கூட்டமாக இருக்கும். அதன் நடுவே கால் இல்லாத, கண் தெரியாத ஒரு பச்சைப் புழு கிடக்கும். மலருக்கு மலர் நின்று பறக்கும் சிர்ஃபிட் ஈயின் குட்டி அது. லென்ஸை வைத்துப் பாருங்கள். தலையை இடம் வலமாகத் துழாவுகிறது. ஓர் அசுவினி தட்டுப்பட்டதும் கவ்வி, இலையிலிருந்து பிரித்து அப்படியே உயரத் தூக்குகிறது. அசுவினியின் கால்கள் காற்றில் உதைக்கின்றன. மஞ்சள் உடம்பு சுருங்கிச் சுருங்கி வெறும் தோலாகிறது. தோலை உதறிவிட்டு மறுபடி துழாவல். பக்கத்து அசுவினிகள் எதுவும் நடக்காத மாதிரி சாறு உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

இந்தக் கிட்டப் பார்வை பொழுதுபோக்கு என்ற நிலையைத் தாண்டியது குச்சிக்கிழங்கு (மரவள்ளி) காட்டில்தான். 2020இல் கேரளத்தின் திருச்சூரில் முதலில் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, அடுத்து சேலம், நாமக்கல் காடுகளுக்குள் புகுந்தது. ஜவ்வரிசி ஆலைகளுக்கே உலை வைக்கிற பூச்சி. ஆண் இல்லாமலே பெருகும். நுனி இலைகள் சுருண்டு முடங்கிவிடும். இங்கேதான் புழுவைப் பகையாக நினைக்கும் பழைய கணக்கு பெரிய நஷ்டத்தைக் கொடுத்தது. மாவுப்பூச்சியைத் தின்னும் சில பொறிவண்டுகளின் புழுக்களும் உடம்பெல்லாம் வெள்ளை மெழுகோடுதான் இருக்கும். 1898இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட கிரிப்டோலேமஸ் வண்டின் புழுவும் அப்படியே. “ஏனுங்க தம்பி, இதுவும் அந்த எழவு மாவுப்பூச்சிதானுங்களே, கொஞ்சம் பெருசா இருக்குது?” என்று கேட்கும் பெரியம்மாவிடம் போனைக் காட்டினால் போதும். மெழுகு இழைகள் நீளமாகத் தொங்குகின்றன, நடை வேகமாக இருக்கிறது, வாயில் நிஜமான மாவுப்பூச்சி இருக்கிறது. ஸ்பால்ஜிஸ் என்ற சிறு வண்ணத்துப்பூச்சியின் புழுவும் இதே வேஷத்தில் மாவுப்பூச்சியைத் தின்கிறது. அதன் கூட்டுப்புழுவைப் பெரிதாக்கினால் குரங்கு முகம் தெரியும். சிறுவர்கள் போனைப் பிடுங்கிப் பார்ப்பார்கள்.

இந்த மாவுப்பூச்சியை அடக்க, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அனகைரஸ் லோபெசி என்ற குட்டிக் குளவியை விடத் தொடங்கினார்கள். தென்னமெரிக்காவில் கண்டெடுக்கப்பட்டு, 1980களில் ஆப்பிரிக்காவின் மரவள்ளியைக் காப்பாற்றிய குளவி. அந்த வேலைக்காகப் பூச்சியியல் அறிஞர் ஹான்ஸ் ஹெரன் 1995இல் உலக உணவுப் பரிசு பெற்றார். பெனின் நாட்டிலிருந்து பெங்களூருவின் தேசிய வேளாண் பூச்சி வள மையம் அதை இங்கே வரவழைத்தது. தாய்க் குளவி மாவுப்பூச்சிக்குள் முட்டை வைக்கும். சிலவற்றைக் குத்தி, கசியும் சாற்றைத் தானே குடிக்கும். இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான அதை செல்போனில் பிடிக்க முடியாது, புள்ளியாக விழும். அதனால் விஷயம் தெரிந்தவர்கள் குளவியைத் தேடுவதில்லை. விறைத்துப் பழுப்பேறிய மாவுப்பூச்சிக் கூட்டில் குளவி வெளியேறிய வட்டமான ஓட்டையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் வேளாண் அலுவலருக்கு அனுப்பிவிட்டு, மருந்து அடிக்கலாமா என்று பதிலுக்குக் காத்திருக்கிறார்கள்.