ஊரே மேடையானது

நாடகம் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது மேடையும் வண்ணத் திரையும்தாம். நடிப்போர் மேலே, பார்ப்போர் கீழே. ஆண்டு விழாவில் நாம் கண்ட முறை இதுவே. ஆனால் மேடையே இல்லாமல் தெருவிலும் கடற்கரையிலும் பழைய ஆலையிலும், அந்தந்த இடத்திற்கென்றே நாடகம் அமைக்கும் இயக்குநர்கள் உண்டு. அங்கே பார்ப்பவர்கள் நாற்காலியில் அமர்வதில்லை. கதையோடு நடந்து, கதைக்குள்ளேயே நிற்கிறார்கள். இம்முறையை விளக்க ஒரே ஒரு நிகழ்ச்சியைக் காண்போம்.

பிரிட்டனைச் சேர்ந்த வேல்ஸ் நாட்டில் போர்ட் டால்பட் என்ற கடலோர ஊர் இருக்கிறது. எஃகு ஆலையால் பெயர் பெற்றது. 1960களில் பெரிய நெடுஞ்சாலையொன்று தூண்களின்மேல் அவ்வூரின் நடுவே எழுந்தது. அதற்காகப் பல வீடுகள் இடிக்கப்பட்டன. அதன்பின் வெளியூரார் அந்த ஊரில் இறங்காமலே அதன் தலைக்கு மேலாகக் கடந்து போயினர்.

இவ்வூரில் வளர்ந்தவர் நடிகர் மைக்கேல் ஷீன். 2011ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், பெரிய வெள்ளி தொடங்கி ஈஸ்டர் ஞாயிறு வரை மூன்று நாட்கள், ஆண்டவரின் திருப்பாடுகளைத் தழுவிய நாடகம் ஒன்று இங்கு நடந்தது. சொந்த அரங்கம் இல்லாமல் ஊர் ஊராக நாடகம் நடத்திய வேல்ஸ் தேசிய நாடக அமைப்பும், ‘வைல்டு வொர்க்ஸ்’ குழுவும் இதனை நடத்தின. ஷீனும் பில் மிட்செலும் சேர்ந்து இயக்கினர். எழுதியவர் கவிஞர் ஓவன் ஷியர்ஸ்.

இத்தகைய இயக்குநரின் முதல் வேலை, கேட்பது. அவர் கதையை முடித்துவிட்டு இடம் தேடுவதில்லை. ஊரில் நடந்து, முதியோரிடம் பேசி, இங்கே என்ன இருந்தது, எது போயிற்று என்று அறிகிறார். பிறகே கதை உருவாகிறது. இந்நாடகத்தின் நாயகனும் அவ்வாறே. நாற்பது நாள் காணாமற்போய், நினைவிழந்து திரும்பும் ஓர் ஆசிரியர் அவர். போதிப்பதைவிட, மக்கள் சொல்லும் கதைகளைக் கேட்பதே அவர் பணி. கடற்கரையில் தொடங்கிய கதை, தொழிலாளர் மன்றத்தில் இறுதி இராவுணவாகி, கடலோரச் சாலைச் சந்திப்பில் சிலுவையில் முடிந்தது. சிலுவையில் அவருக்கு நினைவு திரும்புகிறது. ஊரின் தெருக்களையும் மக்களையும் அவர் பெயர் சொல்லி அழைக்கிறார்!

உள்ளூர் மக்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர் பங்கேற்றனர். பல்லாயிரம் பேர் கூடவே நடந்தனர். இதில் இயக்குநரின் தொல்லைகளும் பெரியவை. மழை வரும், காற்று சொல்லை அடித்துச் செல்லும், வண்டிகளை நிறுத்த வேண்டும். பார்ப்பவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்பதும் அவர் கையில் இல்லை. ஆகவே ஒலி, கூட்டம், வழி ஆகியவற்றைக் கொண்டே அவர் நம் கண்ணை நடத்துகிறார்.

இவ்வகை நாடகத்தை அளக்க ஓர் உரைகல் உண்டு. வேறோர் ஊருக்கு மாற்றினாலும் எதுவும் குறையாதென்றால், அங்கே இடம் வெறும் திரைச்சீலையே. போர்ட் டால்பட் நாடகத்தில் சொல்லப்பட்ட பெயர்களை வேறெங்கே சொன்னாலும் யார் அழுவார்?

2024 செப்டம்பர் 30 அன்று அவ்வூரின் கடைசி ஊதுலை மூடப்பட்டது. நாடகம் அதைத் தடுத்து நிறுத்தவில்லை. நாடகத்தால் அது இயலாது. ஆனால் பிறர் கடந்து சென்ற ஊர், தன்னைத் தானே ஒருமுறை நின்று பார்த்தது.

அன்புத் தோழியரே, அடுத்த முறை நாடகம் போட எண்ணும்போது, திரை வாடகைக்கு எங்கே கிடைக்கும் என்று கேட்குமுன், நம் பள்ளி மணியை இத்தனை ஆண்டுகள் அடித்தவரிடம் ஒரு மணி நேரம் பேசிப் பார்ப்போமா? கதை அங்கேயே காத்திருக்கக்கூடும்.